கத்திரி வெயிலில் ஒரு பிர்ச் கன்று

தம்பியின் குளிர்க் கோட்டைத் துவைக்கலாம் என்று எடுத்தபோதுதான் அந்த விதைகளை முதலில் பார்த்தேன். உள்பையை வெளியே இழுத்து உதறியதும் திப்பிலி மாதிரி ஒன்று விழுந்தது. எடுத்த மாத்திரத்தில் கையிலேயே உதிர்ந்துவிட்டது. ஏதோ குப்பை என்று வாசலில் தட்டப் போனேன்.

"கொட்டாதக்கா!" என்று உள்ளேயிருந்து ஒரு சத்தம்.

போலந்திலிருந்து திரும்பி வந்த பிறகு அவன் குரலை உயர்த்திப் பேசியது அதுதான் முதல் தடவை. ஓடி வந்து என் உள்ளங்கையைத் தன் கையால் மூடிக்கொண்டான். காற்றில் ஒன்றுகூடப் பறந்துவிடக் கூடாது என்று என்னை அப்படியே சமையலறைக்கு நடத்திக் கூட்டிப்போனான். விளக்கைப் போட்டுப் பார்த்தால், ஒவ்வொரு தூளுக்கும் இரண்டு பக்கமும் மெல்லிய இறக்கை இருந்தது. கம்பு புடைக்கும்போது பறக்கிற உமியைவிடச் சின்னது.

"பிர்ச் மரத்து வெதை" என்றான். "அந்த ஊர்க்காரங்க பிஷோசான்னுவாங்க."

நாங்கள் இருப்பது திண்டிவனத்திலிருந்து பாண்டிச்சேரி போகிற சாலையில், கிளியனூருக்குக் கொஞ்சம் முன்னால் உள்ளே திரும்புகிற ஒரு தெருவில். என் கணவர் இறந்த பிறகு நான் இங்கே வந்தேன். வீடு தம்பியுடையது. பத்தாவது வரைதான் படித்தேன். திண்டிவனத்துத் துணிக்கடை ஒன்றுக்குப் புடவை ஓரம் தைத்துக் கொடுக்கிறேன். கடைக்காரர் பையைக் கொடுப்பார், நான் வாங்கிக்கொள்வேன். அதற்கு மேல் பேச்சு கிடையாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். தெரிந்தவர் எதிரே வந்தால்கூட முந்தானையைச் சரி செய்கிற மாதிரி குனிந்துகொள்வேன்.

தம்பி போலந்தில் ஒரு மீன் தொழிற்சாலையில் வேலை பார்த்தான். பல வருஷம் ஐஸில் கிடந்த மீனை வெட்டி வெட்டி அவன் வலது கையில் இரண்டு விரல் மடங்காமல் போய்விட்டன. கொஞ்சம் குளிர்ந்தாலும் விரல் நுனி வெளுத்து, அப்புறம் நீலமாகிவிடும். விழுப்புரத்தில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். "இனிமே ஐஸ் பக்கமே போகக் கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். திரும்பி வருகிற பஸ்ஸில் தம்பி, "ஏஜெண்ட் கேட்டா இதையெல்லாம் சொல்லாதக்கா" என்றான்.

அவனைப் போலந்துக்கு அனுப்பிய அந்த ஏஜெண்ட் சென்னையிலிருந்து அடிக்கடி போன் பண்ணுவார். பழைய ஆட்களை அதே கம்பெனி மறுபடி எடுக்கிறதாம். வைகாசி பிறப்பதற்குள் சரியென்று சொல்லிவிட வேண்டுமாம். தம்பி "பாக்கலாம் சார், பாக்கலாம் சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். போகாதே என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இங்கே அவன் நன்றாக இருந்தாலாவது சொல்லலாம். காலையில் எழுந்து நாற்காலியில் உட்காருவான், மதியம் அதிலேயே தூங்குவான். வந்த பிறகு மீன் சாப்பிடுவதில்லை. நானும் சமைப்பதை நிறுத்திவிட்டேன்.

விதை கிடைத்த அன்றுதான் அவன் உடம்பில் ஒரு சுறுசுறுப்பைப் பார்த்தேன். ஈர மணலில் விதையைக் கலந்து, தயிர் டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தான். பனிக்காலம் முடிந்துவிட்டது என்று விதை நம்பினால்தான் கண் விழிக்குமாம். செல்போனில் பார்த்துத் தெரிந்துகொண்டான். மார்கழியில் கொஞ்சம் மிச்சம் வைத்து, மற்றதை எடுத்து மண்ணின் மேலாகத் தூவினான். மூடக் கூடாது, வெளிச்சம் பட வேண்டும் என்றான். கடுகை விடச் சின்னதாக நிறைய முளைத்தது. எறும்பு கொண்டு போனது போக, வாடியது போக, மாசி முடிகிறபோது ஒன்றே ஒன்று நின்றது. அதை வீட்டு முன்பக்கம், கிழக்கு வெயில் மட்டும் படுகிற இடத்தில் இறக்கி வைத்தான்.

எங்கள் போர் தண்ணீர் கொஞ்சம் உப்புக் கரிக்கும். அது ஆகாது என்று கேன் தண்ணீர் ஊற்றினான். பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று வேடிக்கை பார்ப்பார்.

"ஏம்பா, நாங்க குடிக்கவே போர் தண்ணிதான். உன் செடி கேன் தண்ணி குடிக்குதா? கூடவே ஒரு சோடா வாங்கி ஊத்தேன்."

தம்பி சிரிப்பான்.

"அப்டி இன்னா மரம்பா அது? பழம் கீழம் வருமா?"

"இல்லீங்க. மரம் வெள்ளையா இருக்கும். அங்கங்க கறுப்பா கோடு கோடா."

"அட, வெள்ள மரந்தான வேணும்? ரோட்டுக்குப் போ. ஹைவேஸ்காரன் புளிய மரத்துக்கெல்லாம் சுண்ணாம்பு அடிச்சி, கறுப்புப் பட்டையும் போட்டு வெச்சிக்கீறான். கேன் தண்ணி கூட வேணாம்."

ஆனால் கன்று வெள்ளையாக இல்லை. குச்சி பழுப்பு நிறத்தில்தான் இருந்தது. வெள்ளையாக நாலைந்து வருஷமாவது ஆகும் என்றான் தம்பி. நாலைந்து வருஷம் என்று அவன் சொன்னது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நாளை மறுநாளைப் பற்றிக்கூடப் பேசாதவன் அவன்.

எங்கள் தெருவுக்கு ஒரு மீன்காரம்மா வருவாள். கோட்டக்குப்பம் பக்கத்திலிருந்து மொபெட்டில், பின்னால் பெரிய தெர்மோகோல் பெட்டி கட்டிக்கொண்டு வருவாள். தம்பி வயதுதான் இருக்கும். அவள் பேசினால் தெருக்கோடி வரை கேட்கும். எங்கள் வீட்டில் மீன் வாங்குவதை நிறுத்தியதிலிருந்து வாசலில் வண்டியை நிறுத்தி, ஆக்ஸிலேட்டரை முறுக்கிச் சத்தம் கொடுத்துவிட்டுப் போவாள். ஒருநாள் இறங்கியே வந்துவிட்டாள்.

"யக்கா, எம்மேல இன்னா கோவம்? சாமிக்கு மாலை கீலை போட்டுக்கீறீங்களா?"

நான் வழக்கம்போல நின்றேன். தம்பிதான் பதில் சொன்னான். "நான் மீன் துன்றதில்லீங்க."

"ஏன், முள்ளு குத்திக்கிச்சா?"

"போலந்துல மீன் வெட்டற வேலை. பாத்துப் பாத்து அலுத்துப்போச்சி."

"ஆங்! நானும்தான் தெனம் பாக்கறேன். எம் புருசனையும்தான் தெனம் பாத்தேன். அலுத்துப்போச்சின்னு உட்டுட்டா முடியுமா?" என்று சொல்லித் தானே சிரித்தாள். அன்றிலிருந்து அவனுக்கு அவள் வைத்த பெயர் போலந்து.

கன்றைப் பற்றியும் அவள்தான் கேட்டு வாங்கினாள். அந்த ஊரில் வசந்தம் வரும்போது இந்த மரத்தில் சின்னத் துளை போட்டுப் பாட்டில் கட்டினால் இனிப்பாகத் தண்ணீர் வடியும், குடிக்கலாம் என்று தம்பி சொன்னான்.

"நம்ம பதநீ மாதிரியா?"

"அவ்ளோ இனிப்பு இருக்காது. லேசா இருக்கும். ஆனா மரம் ஏற வேணாம். கீழ நின்னே புடிக்கலாம்."

"நல்லாக்கீதே! எங்க பெரியப்பா பனை ஏறி ஏறி நெஞ்செல்லாம் காய்ப்பு காச்சிப்போய்த்தான் செத்தாரு. அவரு காலத்துல இது இருந்திருக்கலாம்." பிறகு கன்றைக் குனிந்து பார்த்தாள். "இது நம்ம ஊரு வெயில்ல நிக்குமா, போலந்து?"

"தெரியல. இது பொழச்சா நானும் இங்க பொழச்சிக்குவேன்."

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் மீன்காரம்மா சிரிக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன். பிழைக்காவிட்டால் என்ன என்பது எங்கள் இரண்டு பேருக்குமே அந்த நேரத்தில் புரிந்துவிட்டது.

சித்திரை பாதியில் வெயில் ஏறியது. சாலையில் தார் இளகிச் செருப்பில் ஒட்டியது. கன்றின் இலை ஓரங்கள் சுருள ஆரம்பித்தன. தம்பி நனைத்த சாக்கைச் சுற்றிலும் போட்டான். ஈரம் காய்வதற்குள் மறுபடி நனைப்பான். மதியத் தூக்கம் போய்விட்டது.

ஒருநாள் வியாபாரம் முடிந்து திரும்பும்போது மீன்காரம்மா எங்கள் வாசலில் நின்றாள். "குளுரு ஊரு புள்ளைக்குக் குளுரு குடுக்காம சாக்கு போத்தினா ஆவுமா? தள்ளு" என்றவள், பெட்டியைத் தூக்கிவந்து மிச்சமிருந்த ஐஸை எல்லாம் கன்றின் அடியில் குவித்தாள். பழுப்பு மண்ணின் மேல் வெள்ளையாகக் கிடந்தது. "பாரு, பனி பேஞ்ச மாதிரி! நாளைக்கும் கொண்டாறேன்" என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் கிளம்பிப் போய்விட்டாள்.

வண்டிச் சத்தம் அடங்கியதும் தம்பி ஒரு துண்டு ஐஸை எடுத்து நாக்கில் வைத்தான்.

"இன்னாடா?" என்றேன்.

"உப்பு."

மீன் நன்றாகச் சில்லிட்டிருக்கப் பெட்டியில் ஐஸோடு கல்லுப்பு தூவுவார்கள். அது எனக்கும் தெரியும், அப்போது தோன்றவில்லை. போர் தண்ணீரே ஆகாத செடிக்கு உப்பு ஐஸ்.

"சொல்லிடலாமேடா."

"வேணாம்கா. இந்த வெயில்ல வண்டி ஓட்டிக்கினு, ஒரு துண்டு கூட வெச்சிக்காம கொண்டாந்து கொட்றாங்க. எப்டி சொல்றது?"

சொல்லிக்கொண்டே மண்டியிட்டு ஐஸை அள்ள ஆரம்பித்தான். கரண்டி பட்டால் தண்டு ஒடிந்துவிடும் என்று கையாலேயே அள்ளினான். உருகி மண்ணில் இறங்குவதற்குள் அள்ளியாக வேண்டும். இரண்டு கையாலும் வேகமாக வாரி வாரி மதிலோரமாக வீசினான். முடித்து எழுந்தபோது வலது கை விரல்கள் சுண்ணாம்பு பூசின மாதிரி இருந்தன. அதை அக்குளுக்குள் வைத்துக்கொண்டு உள்ளே போனான்.

மறுநாளும் அவள் வந்தாள், கொட்டினாள். அவன் "ரொம்ப தேங்க்ஸுங்க" என்றான். அவள் தெருமுனை திரும்பியதும் அள்ளினான். அதற்கு அடுத்த நாளும் அப்படியே. நான் சமையலறை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டர் எதைச் செய்யாதே என்று சொன்னாரோ அதை ஒருத்தியின் மனம் நோகக் கூடாது என்பதற்காக என் தம்பி தினமும் செய்துகொண்டிருந்தான். சாயங்காலம் டம்ளரைக்கூட இடது கையால்தான் பிடித்தான்.

யாராவது சொல்ல வேண்டும். வீட்டில் வேறு யாரும் இல்லை.

ஒரு மதியம் அவள் வருகிற நேரத்துக்கு முன்பே நான் மெயின் ரோட்டுக்கு நடந்தேன். பஸ் நிற்கிற இடத்தில், சுண்ணாம்பு அடித்த புளியமரத்தடியில் நின்றேன். என்ன சொல்ல வேண்டும் என்று வரிவரியாக மனதில் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். தூரத்தில் அவள் மொபெட்டைப் பார்த்ததும் முதல் வரி மறந்துவிட்டது.

"இன்னாக்கா இது, நீயா? ரோட்டுக்கே வந்துட்ட! மழ வரப் போவுது பாரு!"

"ஐஸ் வேணாம்" என்றேன்.

"இன்னாது?"

"ஐஸ். கொட்ட வேணாம்."

அவள் முகம் மாறியது. இஞ்ஜினை அணைத்தாள். "நாத்தம் அடிக்குதா? அந்தப் பக்கத்து ஊட்டு பெருசு சொல்லிச்சா?" என்றாள். அந்தக் குரல் அவளுடைய வழக்கமான குரல் இல்லை. பஸ்ஸில் யாராவது தள்ளி உட்காரும்போது வருகிற குரல்.

"ஐயோ, இல்லம்மா" என்றேன். அதற்கு மேல் எப்படிப் பேசினேன் என்று எனக்கே தெரியாது. உப்பைச் சொன்னேன். அவன் நாக்கில் வைத்துப் பார்த்ததைச் சொன்னேன். விரலைச் சொன்னேன், டாக்டரைச் சொன்னேன். அவள் போன பிறகு அவன் மண்டியிட்டு அள்ளுவதையும் சொன்னேன். என் வாழ்க்கையில் ஒருவரிடம் நிறுத்தாமல் அவ்வளவு நேரம் பேசியது அப்போதுதான்.

அவள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். பிறகு வண்டியைக் கிளப்பி, எங்கள் தெருவுக்குள் வராமலேயே நேராகப் போய்விட்டாள்.

அடுத்த நாள் அவள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. தம்பி வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தான்.

"மீன்காரம்மா வர்லியே, ஒடம்பு கிடம்பு செரியில்லியா?"

நான் நடந்ததைச் சொன்னேன். கோபப்படுவான் என்று நினைத்தேன். கோபப்படவில்லை.

"நாத்தம்னு நெனச்சிட்டாங்களா?" என்று அதையே இரண்டு தடவை கேட்டான். பிறகு வாசல் படியில் உட்கார்ந்து சொன்னான். "அங்கயும் அப்டித்தான்கா. ஃபேக்டரி உட்டு பஸ் ஏறினா மூக்க மூடுவாங்க. எழுந்து தள்ளிப் போயிடுவாங்க. என்னா சோப்பு போட்டாலும் போவாது. அதனாலதான் நான் நடந்தே போவேன், நடந்தே வருவேன். சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிடும். வழி நெடுக இந்த மரந்தான் வெள்ளையா தெரியும். அதப் பாத்துக்கினே நடக்க வேண்டியது."

அந்த மரத்தின் அழகைப் பற்றி அவன் முன்பு சொல்லியிருக்கிறான். ஏன் நடந்தான் என்பதைச் சொன்னதில்லை.

மூன்றாம் நாள் மொபெட் சத்தம் கேட்டது. பெட்டிக்கு மேல் பச்சைப் பனை ஓலைகளை அடுக்கிக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். நேராகக் கன்றிடம் போய், நாலு குச்சி நட்டு, ஓலையை வேய்ந்து கன்றுக்கு ஒரு சின்னப் பந்தல் போட்டாள். பக்கத்து வீட்டுப் பெரியவர் மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "கல்யாணப் பந்தலா? எங்களுக்கெல்லாம் பத்திரிக்கை இல்லியா?" என்றார்.

"உனக்கு இல்லாமயா பெருசு? மொத பந்தி உனக்குத்தான். வந்து இந்த ஓலையப் புடி" என்றாள் அவள்.

அவர் நிஜமாகவே சுற்றிக்கொண்டு வந்து பிடித்தார். மறுநாள் அவரே ஒரு கேன் வாங்கி, அதிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். ஊற்றிவிட்டு, "போர் தண்ணி இல்லப்பா" என்று அவராகவே சொன்னார்.

ஆனால் கன்று கேட்கவில்லை. கத்திரி தொடங்கியது. பந்தலுக்குள்ளேயும் காற்று அனலாகத்தான் வீசியது. இலைகள் ஒவ்வொன்றாகக் காப்பித்தூள் நிறமாகி உதிர்ந்தன. ஒருநாள் காலையில் தம்பி நகத்தால் தண்டை லேசாகச் சுரண்டினான். உள்ளே பச்சை இல்லை. இன்னும் கொஞ்சம் கீழே சுரண்டினான். அங்கேயும் இல்லை. எழுந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான்.

நான் அவன் கோட்டைத் தேடி எடுத்து வெயிலில் போட்டேன். எதற்கும் இருக்கட்டும் என்று கை தானாகச் செய்தது. போட்ட பிறகு ஏன் போட்டோம் என்று இருந்தது. அவன் அதைப் பார்த்தான். எடுத்து உள்ளே வை என்று அவன் சொல்லவில்லை, நானும் எடுக்கவில்லை.

மதியம் மீன்காரம்மா வந்து பந்தலுக்குள் குனிந்து பார்த்தாள். எழுந்தபோது கண் கலங்கியிருந்தது.

"நாந்தான் கொன்னுட்டேன். உப்ப அள்ளிக் கொட்டிக் கொன்னுட்டேன்."

"அதெல்லாம் இல்லீங்க" என்றான் தம்பி. "நீங்க கொட்டாட்டியும் போயிருக்கும். இதுக்கு வருசத்துல பாதி நாளு தூங்கணும். எல எல்லாத்தையும் உதுத்துட்டு பனியில தூங்கும். நம்ம ஊர்ல அதுக்கு எங்க தூக்கம்?"

"அப்ப நீ போயிடுவியா?"

அவள் அதைக் கேட்டது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இத்தனை மாதமாக நான் கேட்க முடியாமல் நின்ற கேள்வி அது. வாசலில் நின்றுகொண்டு, தராசைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் சாதாரணமாகக் கேட்டுவிட்டாள். தம்பி கொடியில் கிடந்த கோட்டைப் பார்த்தான்.

"அங்க உனக்கு இன்னாதான் இருக்குது, போலந்து? யாரு இருக்கறாங்க?"

"யாருமில்ல." பஸ்ஸையும் நடந்ததையும் அவளிடமும் சொன்னான். அவள் பெட்டியின் மேல் கையை ஊன்றிக்கொண்டு கேட்டாள். கேட்டு முடித்ததும், "மரம் மூக்க மூடாது, இல்ல?" என்றாள்.

"ம்."

"நானும் மூட மாட்டேன். எனக்கு அந்த வாசனை தெரியவே தெரியாது" என்றாள். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்தான்.

ஏஜெண்டின் போன் அன்று சாயங்காலம் வரும் என்று தம்பிக்குத் தெரியும். அவன் காத்திருக்கவில்லை. மீன்காரம்மா நின்றுகொண்டிருக்கும்போதே போனை எடுத்து அவனே கூப்பிட்டான். "சார், நான் வர்லீங்க" என்றான். அந்தப் பக்கம் ஏதோ நீளமாகச் சொன்னார்கள். இவன் வலது கையை விரித்து, மடங்காத விரல்களைப் பார்த்துக்கொண்டே பேசினான். "கை செரியில்ல சார். ஐஸ்ல வேல செய்ய முடியாது. ஆமா சார். ரொம்ப நாளாவே செரியில்ல. சொல்லல, அவ்ளோதான்."

போனை வைத்ததும் மீன்காரம்மா இடுப்பில் கை வைத்தாள். "ஐஸ்ல கை வெக்க முடியாதவன் எதுக்கு என் ஐஸ தெனமும் அள்ளின?"

"நீங்க கொட்டினதாச்சே."

இடுப்பில் வைத்த கையை அவள் மெல்ல இறக்கினாள். அந்த நேரத்தில் நான் போய்க் கொடியிலிருந்து கோட்டை எடுத்து மடித்தேன்.

தம்பி பெட்டி பக்கம் போய் மூடியைத் திறந்து பார்த்தான். இடது கை விரலால் ஒரு சங்கராவின் செவுளைத் தூக்கிப் பார்த்து, "இது நேத்து மீனு" என்றான்.

"அடப்பாவி! மீனே துன்னாதவன் வாயப் பாரு! விடிகாலைல வலையிலேர்ந்து எடுத்தது."

"அப்ப அந்த அடியில கெடக்கறது?"

"அது உனக்குன்னுதான் எடுத்து வெச்சேன், வாங்குவியோ மாட்டியோன்னு" என்று சொல்லி, ஐஸுக்குள் கையை விட்டு அடியிலிருந்த மீனை அவளே எடுத்தாள். அவன் கையை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை. "இரு" என்றாள். எங்கள் வாசல் பக்கெட்டில் வெயிலில் சூடேறிக் கிடந்த போர் தண்ணீரில் மீனை முக்கி, புரட்டிப் புரட்டிக் கழுவினாள். தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். சில்லிப்பு இன்னும் இருந்திருக்க வேண்டும். மறுபடி முக்கினாள். பிறகுதான் அவன் கையில் வைத்தாள்.

தயிர் டப்பாவில் இன்னும் கொஞ்சம் விதை மிச்சம் இருக்கிறது. ஃப்ரிட்ஜைத் துடைக்கும்போது அதை எடுத்துத் துடைத்துவிட்டு அதே இடத்தில் வைக்கிறேன். எதற்கு என்று அவனும் கேட்பதில்லை. அன்றைக்கு அவன் மீனோடு உள்ளே வருவதற்குள் நான் புளியை ஊறப் போட்டுவிட்டேன்.